விண்மீனின் எல்லை கண்டவர்

சென்னையிலிருந்து பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என மூன்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறும் இடம். மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் மக்கள் நெடுவழி சென்ற காலத்தில், தலைச்சுமையை இறக்கி வைத்து, கைகால் கழுவி, கட்டுச்சோறு உண்டு, இரவைக் கழிக்க இத்தகைய சாவடிகள் உதவின. இம்மூன்றனுள் கரையான்சாவடியே யான் வாழும் ஊர். பல ஆண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றி, ஓய்வு பெற்று, இங்கேதான் அமைந்திருக்கின்றேன்.

என் இளமையில் இவ்வூரில் இரவு என்றால் இரவாகவே இருந்தது. ஆவடிச் சாலையின் இருமருங்கும் வயலும் தோப்புமாய்க் கிடந்தன. கயிற்றுக் கட்டிலை முற்றத்தில் இட்டுப் படுத்தால் வானத்து மீன்களை எண்ணி எண்ணிக் களைத்து உறங்குவோம். இன்றோ சாலை விளக்கும் கடை விளக்கும் வானத்தை மங்கச் செய்துவிட்டன. மெட்ரோ இரயிலுக்காக எழுந்த தூண்களும் பாலமும் வடதிசையின் ஒரு பகுதியை மறைத்து நிற்கின்றன. வளர்ச்சியை யான் வெறுப்பவன் அல்லேன். ஆயினும், விண்மீன்களைக் காணாது ஒரு தலைமுறை வளர்கின்றதே என்னும் ஏக்கம் எனக்கு உண்டு.

2023 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் சென்னையை வருத்தியது. தெருவெல்லாம் வெள்ளம்; மின்சாரம் இல்லை. மழை ஓய்ந்தபின் ஓர் இரவு, வீட்டினுள் இருந்த புழுக்கம் தாளாமல் மொட்டை மாடிக்குச் சென்றேன். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் என் பெயர்த்தியும் உடன் வந்தாள். எங்கும் ஒரு விளக்கும் இல்லை. நிமிர்ந்து நோக்கினோம். பல்லாண்டுகளாகப் பிரிந்திருந்த உறவினரெல்லாம் ஒருங்கே வந்து நிற்பதுபோல் வானம் முழுதும் மீன்கள் நிறைந்திருந்தன.

கீழ்வானில் செந்நிறமாய் ஒளிர்ந்த திருவாதிரையைச் சுட்டிக் காட்டினேன். செம்மீன் என்று நம் முன்னோர் அதனை வழங்கினர். அதற்குத் தென்கிழக்கே வெண்ணிறமாய்ச் சுடர்ந்த சிரியசு என்னும் மீனையும் காட்டினேன். இரவு வானத்து விண்மீன்களுள் அதுவே மிக்க ஒளியுடையது. அவள் சிறிது நேரம் வாய்பேசாது நோக்கியிருந்தாள். பின்பு, "தாத்தா, இந்த விண்மீன்களும் ஒருநாள் இறந்து போகுமா?" என்று கேட்டாள்.

யான் உடனே விடை சொல்லவில்லை. விடை தெரியாமையால் அன்று. இதே கேள்வியை முன்னொரு முறை ஒருவன் என்னிடம் எழுப்பினான். அவனுக்கு யான் செய்த தீங்கு நினைவுக்கு வந்தமையால். அதனைப் பின்னர்ச் சொல்கின்றேன். அன்றிரவு என் பெயர்த்திக்கு, இக்கேள்விக்கு விடை கண்ட ஒரு தமிழரின் வரலாற்றைச் சொன்னேன். மாணவர்களே, அதனையே உங்களுக்கும் சொல்ல விழைகின்றேன்.

அவர் பெயர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 ஆம் ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள் இலாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வேயின் கணக்குத் துறையில் உயர்ந்த பதவியில் இருந்தார். பணியின் பொருட்டே குடும்பம் அவ்வளவு தொலைவில் வாழ்ந்தது. இயற்பியலுக்காக நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. இராமன், தந்தையாருடன் பிறந்தவர். அன்னையார் சீதாலட்சுமி பள்ளியில் நெடுங்காலம் பயின்றவர் அல்லர். எனினும் தம் முயற்சியால் ஆங்கிலம் கற்று, நார்வே நாட்டு நாடக ஆசிரியராகிய இப்சனின் நாடகம் ஒன்றைத் தமிழில் பெயர்த்தவர். பத்து மக்களைப் பெற்று வளர்த்த இல்லத்தில் இருந்துகொண்டே ஒரு பெண்மணி இவ்வாறு கற்றார் என்றால், அவ்வில்லத்துக் கல்வி வேட்கையை நாம் உணரலாம்.

1918 இல் குடும்பம் சென்னைக்கு வந்து, பின்னர் மயிலாப்பூரில் வீடு கட்டிக்கொண்டு நிலையாகத் தங்கியது. சந்திரசேகர் பன்னிரண்டு வயது வரை வீட்டிலேயே பயின்றார். பின்பு திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். அவருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, 1920 ஆம் ஆண்டு, கணித மேதை இராமானுசன் மறைந்த செய்தியைத் தாயார் செய்தித்தாளில் படித்துச் சொன்னார். எளிய குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜ் சென்று, உலகம் போற்றும் புகழ் பெற்ற ஒரு தமிழரின் கதை அச்சிறுவனின் நெஞ்சில் வித்தாய் விழுந்தது. தாமும் அவ்வாறு உண்மை காண வேண்டும் என்னும் ஆசை அன்றே முளைத்ததாக அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார்.

1925 இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். மகன் இந்திய ஆட்சிப் பணியில் அமர வேண்டும் என்பது தந்தையாரின் விருப்பம். மகன் விரும்பும் துறையிலேயே செல்லட்டும் என்று துணை நின்றவர் தாயார். 1928 இல் சாமர்ஃபெல்ட் என்னும் செருமானிய அறிஞர் சென்னைக்கு வந்தார். அவருடைய நூலை முழுதும் கற்றிருந்த பதினேழு வயது இளைஞர் நேரே அவர் தங்கிய இடத்திற்குச் சென்று கண்டார். "நீர் கற்றவை பழையன ஆகிவிட்டன, இயற்பியல் இப்போது முற்றும் மாறிவிட்டது" என்னும் கருத்துப்பட அவர் கூறி, அச்சில் இருந்த தம் புதிய கட்டுரை ஒன்றையும் படிக்கக் கொடுத்தார். பிறராயின் மனம் சோர்ந்திருப்பர். சந்திரசேகரோ அக்கட்டுரையைக் கற்று, அதன்வழியே தாமே ஆராய்ச்சி செய்து, கல்லூரி மாணவராக இருந்தபோதே கட்டுரைகள் எழுதினார். அவற்றுள் ஒன்று இலண்டன் அரச கழகத்தின் இதழில் வெளிவந்தது. மறு ஆண்டு ஐசன்பர்க் என்னும் இளம் மேதை சென்னைக்கு வந்தபோது, அவரை வண்டியில் அழைத்துச் சென்று நகரைச் சுற்றிக் காட்டும் பேறும் இவருக்குக் கிட்டியது.

கல்லூரியில் இயற்பியல் போட்டி ஒன்றில் வென்று அவர் பரிசாகப் பெற்றது ஒரு நூல். விண்மீன்களின் உள்ளமைப்பைப் பற்றிய அந்நூலை இயற்றியவர் ஆர்தர் எடிங்டன் என்னும் ஆங்கில அறிஞர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1930 இல் அரசாங்கத்தின் உதவித்தொகை கிடைத்தது. கேம்பிரிட்ஜ் செல்ல வேண்டிய நேரத்தில் தாயார் கடும் நோயுற்றுக் கிடந்தார். பயணத்தை நிறுத்திவிடலாமா என்று மகன் தயங்கினார். தம்மைக் காரணம் காட்டி அவரை நிறுத்த வேண்டா என்று அத்தாய் உறுதியாகச் சொல்லி அனுப்பினார். 1930 ஜூலை 31 ஆம் நாள் பம்பாயில் கப்பல் ஏறினார். அதன்பின் தாயை அவர் காணவில்லை. மறு ஆண்டு மே திங்களில் அவ்வன்னை உயிர்நீத்தார்.

கப்பல் அரபிக் கடலின் பருவக்காற்றில் அலைப்புண்டு சென்றது. ஏடன் கடந்தபின் கடல் அமைதியுற்றது. பத்தொன்பது வயது இளைஞர் மேல்தளத்தில் அமர்ந்து, கையில் இருந்த சில நூல்களையும் வெற்றுத் தாளையும் துணைகொண்டு கணக்கிடத் தொடங்கினார். அக்கணக்கு யாது?

விண்மீன் என்பது இடையறாத போர் நிகழும் களம். அதன் நிறையால் உண்டாகும் ஈர்ப்பு விசை அதனை உள்நோக்கி நெருக்குகின்றது. உள்ளே அணுக்கள் இணைந்து எரிவதால் பிறக்கும் வெப்பம் வெளிநோக்கித் தள்ளுகின்றது. இரண்டும் சமனாக இருக்கும் வரை விண்மீன் நிலைபெற்று ஒளிரும். எரிபொருள் தீர்ந்தால் என்ன ஆகும்? ஈர்ப்பு வெல்லும், மீன் சுருங்கும். அவ்வாறு சுருங்கியவை வெண்குறுமீன்கள். நாம் கண்ட சிரியசுக்கு அத்தகைய துணைமீன் ஒன்று உண்டு. அது கதிரவனை ஒத்த நிறையை, நிலவுலகை ஒத்த சிற்றுருவில் அடக்கி வைத்திருக்கின்றது. அதன் பொருளில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் பல டன் எடை இருக்கும்!

இத்துணை நெருக்கத்திலும் அது மேலும் சுருங்காமல் இருப்பது எதனால்? எலக்ட்ரான் என்னும் நுண்துகள்கள் ஒன்று இருக்கும் நிலையில் மற்றொன்றை இருக்க விடா. நெருக்க நெருக்க அவை விரைந்து இயங்கி எதிர்த்து நிற்கும். அவ்வெதிர்ப்பே வெண்குறுமீனைத் தாங்குகின்றது என்று 1926 இல் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபௌலர் விளக்கினார். எனவே, எல்லா விண்மீன்களும் முடிவில் வெண்குறுமீன்களாகி அமைதியுறும் என்று அறிஞர் எண்ணினர்.

கப்பலில் இருந்த இளைஞருக்கு ஓர் ஐயம் எழுந்தது. நிறை மிகமிக, துகள்களின் விரைவும் மிகும். ஆனால் ஒளியின் விரைவை எப்பொருளும் விஞ்ச இயலாது என்பது ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை. அங்ஙனமாயின் எதிர்ப்புக்கும் ஒரு முடிவு இருத்தல் வேண்டுமே! இரண்டு உண்மைகளையும் ஒருங்கே வைத்துக் கணக்கிட்டார். விடை அவரையே வியப்பில் ஆழ்த்தியது. குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மேற்பட்ட நிறை இருப்பின் எலக்ட்ரான்களின் எதிர்ப்பு தோற்றுப்போகும். மீன் சுருங்கிக்கொண்டே செல்லும். கதிரவனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று அவ்வெல்லை குறிக்கப்படுகின்றது. 'சந்திரசேகர் எல்லை' என்பது அதன் பெயர். ஏறத்தாழ அக்காலத்திலேயே வேறு அறிஞர் சிலரும் இத்தகைய எல்லையை உணர்ந்தனர். ஆயினும் அதன் பொருளைத் துணிந்து உணர்ந்து, முழுமையாக நிறுவியவர் சந்திரசேகரே.

இதனை என் பெயர்த்திக்கு எவ்வாறு விளக்குவது என்று எண்ணியபோது நம் ஊர்ச்சாலையே துணைக்கு வந்தது. "விண்மீன்கள் வழிப்போக்கர் என்று வைத்துக்கொள். சுமை குறைந்தவர் முதற் சாவடியிலேயே தங்கிவிடுவர். அதுவே வெண்குறுமீன். நம் கதிரவனும் பல நூறு கோடி ஆண்டுகளுக்குப்பின் அங்கேதான் தங்கும். அதனினும் மிக்க சுமையுடையவர்க்கு அங்கே இடம் இல்லை. அவர் இரண்டாம் சாவடிக்குச் செல்வர். அது நியூட்ரான் விண்மீன். அதன் குறுக்களவு ஏறத்தாழ 20 கிலோமீட்டர். இங்கிருந்து மெரினாக் கடற்கரை வரை உள்ள தொலைவே. அந்தச் சிற்றிடத்தில் கதிரவனை விஞ்சும் நிறை அடங்கிக் கிடக்கும்" என்றேன்.

"அதற்கும் மேற்பட்ட சுமையுடையவர்?" என்று கேட்டாள்.

"அவர்க்குச் சாவடியே இல்லை, அம்மா. சென்றவர் மீளாத வழி அது. ஒளிகூட அதனின்று வெளிவர இயலாது. கருந்துளை என்று அதற்குப் பெயர். இந்நிலவுலகைக் கருந்துளை ஆக்க வேண்டுமானால் ஒரு சிறு நெல்லிக்காய் அளவுக்கு நசுக்க வேண்டும். நாம் பார்த்தோமே, அந்தத் திருவாதிரை கதிரவனைப்போல் பத்து மடங்குக்கும் மேற்பட்ட நிறையுடையது. அது ஒருநாள் வெடித்துச் சிதறும். எஞ்சும் உட்பகுதியின் சுமையே அதன் முடிவை உறுதி செய்யும்" என்றேன்.

இனி வரலாற்றுக்கு மீள்வோம். சந்திரசேகர் கேம்பிரிட்ஜில் பயின்று 1933 இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். இராமானுசனுக்குப்பின் டிரினிடிக் கல்லூரியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பெற்ற முதல் இந்தியர் அவரே. 1934 இறுதியில் தம் எல்லைக் கொள்கையை ஐயத்துக்கு இடமின்றி நிறுவ, இரவு பகலாகக் கணக்கிட்டார். எடிங்டன் அக்காலத்து வானியலாரின் தலைவர்போல் விளங்கியவர். ஐன்ஸ்டைனின் கொள்கையை 1919 ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தில் ஆய்ந்து காட்டியவர். அவர் அடிக்கடி சந்திரசேகரின் அறைக்கு வந்து கணக்கு எவ்வளவு நடந்துள்ளது என்று கேட்பார். கணிக்கும் பொறி கிடைக்கவும் உதவினார். தம்மைப் பெரியவர் ஆதரிக்கின்றார் என்றே இளைஞர் நம்பினார்.

1935 ஜனவரி 11 ஆம் நாள் இலண்டனில் அரச வானியல் கழகத்தின் கூட்டம் நிகழ்ந்தது. சந்திரசேகர் தம் முடிவை எடுத்துரைத்து அமர்ந்தார். அடுத்து எழுந்தவர் எடிங்டன். அவர் அக்கொள்கையின் அடிப்படையே தவறு என்றார். விண்மீன் ஒன்று முடிவின்றிச் சுருங்கிக்கொண்டே போகுமாம். இத்தகைய நகைப்புக்கிடமான செயலை விண்மீன் செய்யாதவாறு இயற்கையிலேயே ஒரு விதி இருத்தல் வேண்டும் என்னும் பொருள்படப் பேசினார். அவையினர் நகைத்தனர். கணக்கில் எந்த வரி தவறு என்று அவர் காட்டவில்லை, காட்டவும் இயலாது. ஆயினும் பெரியவர் சொன்னார், அவை சிரித்தது, இருபத்து நான்கு வயது இளைஞர் தோற்றவராயினார்.

கூட்டம் முடிந்தபின் பலர் அவரிடம் வந்து இரங்கல் கூறினர். போர், பௌலி முதலிய பேரறிஞர்கள் எடிங்டன் கூறுவது தவறு என்று தனிமையில் ஒப்புக்கொண்டனர். பொதுவில் எழுந்து சொல்ல முன்வரவில்லை. அவ்வாண்டே பாரிசு நகரில் நிகழ்ந்த மாநாட்டிலும் எடிங்டன் நெடுநேரம் பேசினார். மறுமொழி கூறச் சந்திரசேகருக்கு வாய்ப்பு அளிக்கப்படவில்லை.

மாணவர்களே, இவ்விடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டும்.

1989 ஆம் ஆண்டு. யான் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் செய்யுட்பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். புகழின் நிலைபேற்றை விளக்க விரும்பி, "உலகில் அனைத்தும் அழியும்; வானத்து மீன்கள் மட்டும் அழியா. சான்றோர் புகழ் அவைபோல என்றும் நிற்கும்" என்று முழங்கினேன். கடைசி வரிசையில் இருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, விண்மீன்களும் பிறந்து வளர்ந்து இறக்கும் என்று ஒரு புத்தகத்தில் படித்தேன்" என்றான். சொல்லிக்கொண்டே குனிந்து, தன் பையிலிருந்து அப்புத்தகத்தை எடுக்கத் தொடங்கினான்.

பேச்சின் ஓட்டம் தடைப்பட்டதே என்று எனக்குச் சினம் உண்டாயிற்று. "அப்படியா? விண்மீன் இறந்தால் அதனை எந்தச் சுடுகாட்டுக்குத் தம்பி தூக்கிச் செல்வார்கள்?" என்றேன். வகுப்பு முழுதும் கொல்லென்று சிரித்தது. அவன் கை அப்படியே நின்றது. பாதி வெளிவந்த புத்தகத்தை மீண்டும் பைக்குள் தள்ளிவிட்டு அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அது என்ன புத்தகம் என்று யானும் கேட்கவில்லை. என் நகைச்சுவையை யானே மெச்சிக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன்.

1995 ஆகஸ்டு 21 ஆம் நாள் சிகாகோவில் சந்திரசேகர் காலமானார். அதனையொட்டிச் செய்தித்தாளில் வந்த கட்டுரையை ஆசிரியர் அறையில் அமர்ந்து படித்தேன். விண்மீன்கள் இறக்கும் என்பதும், அதனைக் கண்டவர் ஒரு தமிழர் என்பதும், அவரை ஒரு பெரியவர் நகைத்து அடக்கினார் என்பதும் ஒரே பக்கத்தில் இருந்தன. படித்து முடிக்குமுன் அப்பையும், அப்புத்தகமும், பாதியில் நின்ற அக்கையும் என் கண்முன் வந்தன. எடிங்டனை வெறுக்க எனக்கு உரிமை உண்டோ? அவராவது பெருங்கல்வி உடையவர். தம் துறையில் பேசினார். யான் அறியாத துறையில், அறிந்தவனை நகைத்தேன். அன்று மாலையே பள்ளிப் பதிவேட்டைப் பார்த்தேன். அவன் பள்ளியை விட்டுச் சென்று ஆண்டுகள் பல ஆகியிருந்தன. அதில் கண்ட முகவரிக்குச் சென்றபோது, குடும்பம் வேற்றூர் சென்றுவிட்டது என்றனர். இன்றுவரை அவனைக் கண்டேன் அல்லேன்.

அதற்குப்பின் பணியில் இருந்த காலமெல்லாம் ஒரு வழக்கத்தை மேற்கொண்டேன். எனக்கு விடை தெரியாத கேள்வியை எம்மாணவன் எழுப்பினாலும், கரும்பலகையின் வலப்பக்க மூலையில் அதனை எழுதி வைப்பேன். விடை கிடைக்கும் வரை அதனை அழிக்கக் கூடாது என்பது கட்டளை. சில கேள்விகள் ஒரு நாளில் அழிந்தன. சில, ஆண்டிறுதி வரை நின்றன. செய்த பிழைக்கு அது ஈடாகாது. ஆயினும் வேறொரு பையின் வாய் மூடாமல் இருக்க அது உதவியிருக்கும் என்று நம்புகின்றேன்.

நகைக்கப்பட்ட சந்திரசேகர் என் செய்தார் என்பதே நாம் கற்க வேண்டிய பாடம். அவர் பழிதூற்றவில்லை, தம் முடிவைக் கைவிடவும் இல்லை. 1936 இல் தாயகம் வந்து, மாநிலக் கல்லூரியில் உடன் பயின்ற லலிதா அம்மையாரை மணந்தார். அப்பயணத்தின்போது இராமானுசனின் துணைவியார் சானகி அம்மையாரைக் கண்டு, அம்மேதையின் கடவுச்சீட்டில் இருந்த நிழற்படத்தைத் தேடிப் பெற்றார். இன்று நாம் நூல்களில் காணும் இராமானுசன் திருவுருவம் அதுவே. 1937 இல் சிகாகோப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அப்பல்கலைக்கழகமே இறுதி வரை அவர்தம் பணிக்களம் ஆயிற்று. 1939 இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றி ஒரு நூல் எழுதி, எல்லைக் கொள்கையை அதனுள் முறையாக அமைத்துவிட்டு, வேறு துறைக்குச் சென்றார். தம் வாதத்தைக் காலத்தின் கையில் ஒப்படைத்துவிட்டார் எனலாம்.

ஒரு துறையைத் தேர்ந்து, பல ஆண்டுகள் அதில் மூழ்கி, கண்டவற்றையெல்லாம் ஒரு பெருநூலாக எழுதிவிட்டு, மீண்டும் மாணவராய் வேறொரு துறையைத் தொடங்குவது அவரது வழக்கம். ஒளி பரவும் முறை, நீர்மங்களின் நிலைப்பாடு, சுழலும் உருவங்களின் சமநிலை என ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல். 1952 முதல் 1971 வரை, பத்தொன்பது ஆண்டுகள், வான இயற்பியல் இதழ் ஒன்றின் ஆசிரியராக இருந்து அதனை உலகின் தலைசிறந்த இதழாக உயர்த்தினார். தொலைவில் இருந்த வானாய்வகத்திலிருந்து சிகாகோவுக்கு வந்து, இரண்டே மாணவர் பயின்ற ஒரு வகுப்புக்கு அவர் பாடம் நடத்தினார் என்பர். அவ்விருவராகிய லீ, யாங் என்னும் சீன இளைஞர்கள் 1957 இல் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு முன்பே வகுப்பு முழுதும் பரிசு பெற்றுவிட்டது!

எடிங்டனிடமும் அவர் நட்பை முறித்துக்கொள்ளவில்லை. 1944 இல் எடிங்டன் மறைந்தபோது அவர் பெருமையைப் பாராட்டிப் பேசினார். 1982 இல் எடிங்டனின் நூற்றாண்டுச் சொற்பொழிவுகளிலும், அவர் தம் காலத்து வானியல் அறிஞருள் தலைசிறந்தவர் என்பதை எடுத்துரைத்தார். கொள்கையில் பகை, குணத்தில் பகையாக மாறாமை சான்றோர் இயல்பன்றோ?

காலம் தன் தீர்ப்பை வழங்கியது. 1967 இல் நியூட்ரான் விண்மீன்கள் கண்டறியப்பட்டன. 1970களில் அன்னப்பறவை மண்டலத்தில் ஒரு கருந்துளை இருப்பதற்கான சான்று வலுப்பெற்றது. அப்போது அறுபதைக் கடந்திருந்த சந்திரசேகர், இதயநோயால் வருந்திய நிலையிலும், தம் இளமைக் கணக்கின் முடிவாகிய கருந்துளைகளை ஆராயத் தொடங்கினார். 1983 இல் கருந்துளைகளின் கணிதக் கொள்கை பற்றிய பெருநூல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபர் 19 ஆம் நாள், அவருக்கு எழுபத்து மூன்று வயது நிறைந்த நாளில், நோபல் பரிசுச் செய்தி வந்தது. வில்லியம் ஃபௌலர் என்னும் அமெரிக்க அறிஞருடன் அப்பரிசைப் பகிர்ந்து பெற்றார். கப்பலில் கணக்கிட்டது பத்தொன்பதாம் வயதில். பரிசு பெற்றது எழுபத்து மூன்றாம் வயதில்!

1999 ஜூலை 23 ஆம் நாள் அமெரிக்கர் விண்ணில் செலுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று பெயரிட்டனர். அதற்குப் பெயர் தேடி நடந்த போட்டியில் இப்பெயரை எழுதி வென்றவர் இருவர்: ஒருவர் பள்ளி மாணவர், மற்றொருவர் ஆசிரியர். 2015 இல் இரு கருந்துளைகள் மோதி ஒன்றாகியபோது எழுந்த ஈர்ப்பு அலைகளை அறிஞர் முதன்முதலாக உணர்ந்தனர். 2019 இல் எம் 87 என்னும் தொலைவான விண்மீன் கூட்டத்தின் நடுவே உள்ள கருந்துளையின் நிழலைப் படமாக்கினர். 2022 இல் நம் பால்வீதியின் நடுவே உள்ள கருந்துளையின் படமும் வெளிவந்தது. கதிரவனைப்போல் 40 இலட்சம் மடங்கு நிறையுடைய அக்கருந்துளை, நம் முன்னோர் மூலம் என்று பெயரிட்ட மீனுக்கு அணித்தே, தனுசு மண்டலத்தின் திசையில் இருக்கின்றது. ஆனி, ஆடி இரவுகளில் இம்மாடியில் நின்று தென்திசையை நோக்கினால் அத்திசையைக் காணலாம். அதனைக் காண இயலாது.

இவற்றையெல்லாம் கேட்டிருந்த என் பெயர்த்தி, கருந்துளையைப் பற்றி மேலும் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, "தாத்தா, புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டாரே, அந்த அண்ணன் இப்போது எங்கே இருப்பார்?" என்று கேட்டாள்.

"தெரியவில்லை, அம்மா" என்றேன்.

அந்நேரம் தெருவில் ஆரவாரம் எழுந்தது. மின்சாரம் வந்துவிட்டது. வீடுகளில் விளக்குகள் எரிந்தன; சாலை ஒளிர்ந்தது; வானத்து மீன்கள் ஒவ்வொன்றாக மங்கி மறைந்தன. சிரியசும் திருவாதிரையும் இன்னும் சிலவுமே எஞ்சின. மறைந்தனவும் அங்கேதான் இருந்தன. நம் விளக்கொளியால் நமக்குத் தெரியவில்லை, அவ்வளவே. பெரியவரின் புகழொளியில் சிறியவரின் உண்மையும் இவ்வாறே மறைவதுண்டு.

மாணவர்களே, உங்களுள் ஒருவர் நாளை ஒரு கேள்வியுடன் எழுந்து நிற்கக்கூடும். பிறர் சிரிக்கவும் கூடும். சிரிப்பு விடை ஆகாது என்பதை நினைவிற் கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் எந்த வரி தவறு என்று காட்டுமாறு பணிவுடன் கேளுங்கள். காட்டினால் திருத்திக்கொள்ளுங்கள், காட்டாவிடின் உங்கள் உண்மையைக் காத்து வையுங்கள். எழுந்து நிற்பவர் உங்கள் தோழராயின், சிரிப்பவரோடு சேராதீர்கள். அவர் பையிலிருந்து எடுக்கும் புத்தகம் முழுதும் வெளிவரட்டும்.